4 பேர், 12 நாள், கிரீம்ஸ் ரோடு பக்கம்: தங்கவும் சாப்பிடவும் கட்டுப்படியாகும் வழி உண்டா?

நெல்லைச்சீமை

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் நாலு பேர்: நான், மனைவி, 9 வயது மகள், 68 வயது அம்மா. அம்மாவுக்கு இருதயப் பரிசோதனை, தொடர்ந்து ஒரு சின்ன சிகிச்சை. மருத்துவமனை கிரீம்ஸ் ரோட்டில். மொத்தம் 12 நாள் சென்னையில் இருக்க வேண்டிவரும் என்கிறார்கள். அம்மா உள்ளே படுக்கப்போவது 3 நாளோ 4 நாளோதான். மற்ற நாளெல்லாம் வெளியே தங்கி, கூப்பிடும்போது போய்வர வேண்டும்.

மருத்துவச் செலவு தனி. தங்க, சாப்பிட, ஊருக்குள் போய்வர எல்லாம் சேர்த்து நாளுக்கு 2,500 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். இப்போது கையில் இரண்டு இடம் இருக்கிறது. மருத்துவமனைக்கு நடந்தே போகிற தூரத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ், 1,800 ரூபாய், பகல் 12 மணி செக் அவுட். எழும்பூரில் ஒரு லாட்ஜ், மூன்று கட்டில் ரூம், 1,300 ரூபாய், 24 மணி நேரக் கணக்கு. ரயில் காலை 6.30 போல எழும்பூர் வந்து சேரும். திரும்பும் ரயில் 12ஆம் நாள் இரவு 8 மணி வாக்கில்.

அம்மாவால் கீழே உட்கார முடியாது, ரொம்ப நேரம் நிற்கவும் முடியாது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் மூவரும் எதையும் சாப்பிடுவோம். எந்த இடம் தேவலை? சாப்பாட்டுக்கு என்ன வழி?

எழும்பூர்_லெட்ஜர்

வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். செக் அவுட் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள், கணக்கே மாறிவிடும்.

கெஸ்ட் ஹவுஸில் காலை 6.30க்கு உள்ளே போனால், அன்றைக்குப் பகல் 12 மணியோடு ஒரு நாள் முடிந்துவிடும். ஐந்தரை மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் வாடகை. பிறகு 12ஆம் நாள் பகல் 12 வரை 11 நாள். ஆக 12 நாள், 21,600 ரூபாய். எழும்பூர் லாட்ஜில் 6.30 முதல் 6.30 வரை ஒரு நாள். 12ஆம் நாள் காலை 6.30க்குக் காலி செய்தால் 11 நாள், 14,300 ரூபாய். அன்றைக்கு மாலை வரை ரூமிலேயே இருக்க அரை நாள் வாடகை 650 கொடுத்தாலும் 14,950. அம்மாவோடு போய்வரும் நாள் ஆறு என்று வைத்து, ஆட்டோவுக்குப் போக 100, வர 100 போட்டால் இன்னொரு 1,200. எல்லாம் சேர்த்தே 16,150தான். ஐயாயிரத்துக்கு மேல் மிச்சம்.

ஆனால் '24 மணி நேரம்' என்று போனில் சொன்னதை நம்பி வந்துவிடாதீர்கள். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது உள்ளே வந்த நேரத்தை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். 6.30க்கு வந்தவரை 6 மணி என்று எழுதும் பழக்கம் உண்டு. அதனால் பெரிய நஷ்டம் இல்லை. நேரமே எழுதாமல் விட்டால்தான் கடைசி நாள் வம்பு.

'மூன்று கட்டில் ரூம்' என்றால் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். நாலாவது ஆளுக்கு எக்ஸ்ட்ரா பெட் என்று தனியாகப் போடுவார்கள். 9 வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம், அம்மாகூடப் படுத்துக்கொள்ளும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். சேர்ந்த பிறகு பேசினால் நடக்காது. அம்மா அட்மிட் ஆகும் 3, 4 நாளில் ஒருவர் அங்கே துணைக்கு இருப்பார், இங்கே இரண்டு பேர்தான். 'அந்த நாலு நாளைக்கு டபுள் ரூமுக்கு மாற்றித் தாருங்கள்' என்று கேட்டால் மாற்றிக்கொடுப்பார்கள். ஒரே லாட்ஜில் தொடர்ந்து இருக்கிறீர்கள், அவர்களுக்கும் ரூம் காலியாவதில் ஆட்சேபணை இல்லை.

எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் 'லாட்ஜ் வேணுமா சார்' என்று வருகிறவர் கூட்டிக்கொண்டு போகும் இடத்தில் வாடகை கூடுதலாகத்தான் இருக்கும். அவருக்கான கமிஷன் உங்கள் பில்லில் ஏறிவிடும். கென்னட் லேன், காந்தி இர்வின் ரோடு இரண்டும் ஸ்டேஷனுக்கு எதிரே நடக்கிற தூரம். ஒருவர் பைகளோடு வெயிட்டிங் ஹாலில் இருக்க, இன்னொருவர் போய் ரூமைப் பார்த்துவிட்டு வரட்டும். பைகளோடு நாலு பேரும் போய் நின்றால் பேரம் பேச முடியாது. கிளம்பும் முன் டிக்கெட்டை ஒருமுறை பாருங்கள். எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

ரூமுக்குள் போனதும் லைட்டைப் பார்ப்பதற்கு முன்னால் மெத்தையின் மூலையைத் தூக்கிப் பாருங்கள். தையல் ஓரத்தில் மிளகுப்பொடி தூவினமாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. அந்த ரூம் வேண்டாம், வேறு தாருங்கள் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். கட்டில் மேல் பையை வைக்காதீர்கள், ஊர் வரை கூடவே வரும். அம்மாவுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, லிஃப்ட் வேலை செய்கிறதா, வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் காலை மூன்று மணி நேரம்தான் வெந்நீர்.

வரிக்கு வருகிறேன். நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. இப்போது 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22க்கு முன்னால் 12 ஆக இருந்தது. பழைய கணக்கில் 12 போட்டால் சொல்லித் திருத்துங்கள். பில்லில் ஜி.எஸ்.டி. எண் அச்சடித்திருக்க வேண்டும், எண் இல்லாத பில்லில் வரி கேட்கக் கூடாது. வருமானம் வரம்புக்குள் இருக்கும் சின்ன லாட்ஜ்களுக்கு இந்த வரியே கிடையாது. 1,300 என்று சொன்னது வரியோடா, வரி இல்லாமலா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். 11 நாளுக்கு 715 ரூபாய் வித்தியாசம்.

பெரியவர்கள் எல்லாருக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும், போட்டோவில் காட்டினால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். ஜெராக்ஸ் கொடுக்கும்போது கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற ஆதார் பிரிண்டைக் கொடுங்கள். அதன் குறுக்கே தேதியும் லாட்ஜ் பெயரும் எழுதிக் கொடுப்பது நல்லது.

தாம்பரம்_லோக்கல்

எதற்கு எழும்பூர்? தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் வாடகை இன்னும் இறங்கும். தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும் லோக்கல் ரயில் டிக்கெட் 10 ரூபாய்தான். நுங்கம்பாக்கத்தில் இறங்கினால் அங்கிருந்து கிரீம்ஸ் ரோடு பக்கம். ஹோட்டல் டிபன்கூட அந்தப் பக்கம் விலை குறைவு.

எழும்பூர்_லெட்ஜர்

தம்பி, நீங்கள் சொல்வது ஆரோக்கியமான ஆளுக்குச் சரி. காலை 8.30 முதல் 10 வரை தாம்பரம் வண்டியில் 68 வயது அம்மாவை ஏற்ற முடியுமா? பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு காலை 7 மணிக்கே வரச் சொல்வார்கள், அப்போது ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் படி ஏறி இறங்க வேண்டும், வெளியே வந்தால் மறுபடி ஆட்டோ. வாடகையில் மிச்சம் பிடித்த பணமும் அவசரத்துக்கு ஒரு தடவை டாக்ஸி பிடித்தால் போய்விடும். வேலை விஷயமாகவோ சும்மா ஊர் பார்க்கவோ வருகிறவர்கள் கட்டாயம் தாம்பரத்தில் தங்கட்டும். நோயாளியோடு வருகிறவர் வேண்டாம்.

மருத்துவமனை மாறினால் தங்கும் இடமும் மாறும், இந்தத் திரியைப் பிறகு படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை என்றால் சென்ட்ரல், பெரியமேடு. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை என்றால் எழும்பூர். காலேஜ் ரோடு கண் மருத்துவமனை என்றால் நுங்கம்பாக்கம், எழும்பூர். அடையாறு புற்றுநோய் நிலையம் என்றால் கிண்டி, கோட்டூர்புரம் பக்கம். திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்கு யாரும் குடும்பத்தோடு போய் நிற்காதீர்கள். அவை தனி ஆண்களுக்கு மாத வாடகைக்கு விடும் அறைகள், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மெஸ்_டோக்கன்

சாப்பாட்டுக் கணக்கு நான் சொல்கிறேன். வாடகை 1,300 போக உங்களிடம் 1,200 இருக்கிறது. போக்குவரத்துக்கு 200 எடுத்துவைத்தால் சாப்பாட்டுக்கு 1,000. நாலு பேருக்குச் சென்னையில் இது தாராளம் இல்லை, ஆனால் போதும். மூன்று வேளையும் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதாது. ஒரு வேளை உட்கார்ந்து, இரண்டு வேளை பார்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதியத்துக்கு 'அன்லிமிடெட்' போர்டு இருக்கும் இடத்துக்குக் குடும்பத்தோடு போகாதீர்கள். 'ஷேரிங் கிடையாது' என்று எழுதியிருப்பார்கள். உங்கள் மகளுக்கும் முழு இலை போட்டு முழுக் காசு வாங்குவார்கள், பிள்ளை கால்வாசிகூடச் சாப்பிடாது. 'அளவு சாப்பாடு' போர்டு இருக்கும் இடமே குடும்பத்துக்கு லாபம். அதைவிட லாபம் முழுச் சாப்பாடு பார்சல். அளவாகச் சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேருக்கு அந்தச் சாதம் போதும். கூட்டும் பொரியலும்தான் கொஞ்சமாக இருக்கும். ஆகவே இரண்டு பார்சல், ஒரு பொரியல் எக்ஸ்ட்ரா, ஒரு பாக்கெட் தயிர். நாலு பேருக்கும் மதியம் முடிந்தது. மெஸ்ஸில் பார்சல் 130 என்று வைத்தால் 300, 320க்குள் அடங்கும். பார்சல் கட்டணம் என்று தனியாக 10, 15 போடுகிறார்களா என்று கேளுங்கள். நீங்களே தூக்குவாளி கொண்டுபோனால் பல மெஸ்களில் அதைக் கழித்துக்கொள்வார்கள். குழம்பும் சூடாக இருக்கும், பிளாஸ்டிக் பையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினதைச் சாப்பிட வேண்டியதும் இல்லை.

ராத்திரிக்குச் 'சாதம் மட்டும்' பார்சல் கேளுங்கள். ஊரிலிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, நல்லெண்ணெய் கொண்டுவந்துவிட்டால் வெறும் சாதமே போதும். புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிய நன்றாகக் காய்ச்சி, ஈரம் படாத கரண்டியால் எடுத்தால் 12 நாளும் தாங்கும். எங்கள் பக்கம் கிடைக்கிற எந்தக் குழம்பையும்விட அது நன்றாகவே இருக்கும், அது வேறு விஷயம்.

பார்சலில் எதை முதலில் சாப்பிடுவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த வெயிலில் தேங்காய்ச் சட்னிதான் முதலில் கெடும். பிறகு தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, அப்புறம்தான் சாம்பார். மதியம் வாங்கினதை ராத்திரிக்கு வைக்காதீர்கள். அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் சிகிச்சைத் தேதியே தள்ளிப்போகும்.

காலைக்கு அம்மா உணவகம் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் மாநகராட்சி தொடங்கியது. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, மாலையில் இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். காலை 7 முதல் 10, மதியம் 12 முதல் 3. உங்கள் மூன்று பேருக்கும் 12 இட்லி, ஒரு பொங்கல், 17 ரூபாயில் காலை முடிந்துவிடும். இரண்டு சிக்கல்: பார்சல் தர மாட்டார்கள், பெரும்பாலான இடங்களில் நின்றுகொண்டே சாப்பிடும் மேஜை. அம்மாவை அங்கே கூட்டிப்போக முடியாது. 9 மணிக்கு மேல் போனால் இட்லி தீர்ந்திருக்கலாம்.

மதியம் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் இருக்க நேர்ந்தால் கபாலீசுவரர் கோயிலிலும் பார்த்தசாரதி கோயிலிலும் அன்னதானம் உண்டு. கோயில் அன்னதானத் திட்டம் 2002இல் வந்தது. தி.நகர் ஜி.என்.செட்டி ரோட்டில் குருத்வாராவிலும் மதியம் சாப்பாடு போடுவார்கள், தலையில் துணி கட்டிக்கொண்டு போக வேண்டும், தரையில் பந்தி. இதையெல்லாம் கணக்கில் எழுதாதீர்கள், அமைந்த நாளில் போய்க்கொள்ளலாம்.

கிரீம்ஸ் ரோட்டை ஒட்டின சந்துகளில் வங்காளச் சாப்பாட்டுக் கடைகள்தான் அதிகம். வங்காளம், வடகிழக்கு, பங்களாதேஷ் நோயாளிகள் வருவதால் அப்படி. சாதமும் மீன் குழம்பும் நன்றாகவே இருக்கும், கடுகெண்ணெய் வாசம் உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் விளக்கு, ராயப்பேட்டைப் பக்கம் கொஞ்சம் நடந்தால் நம்ம ஊர் மெஸ்கள் இருக்கின்றன. ஒரு நாள் மட்டும் பிள்ளையைத் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேக்குக் கூட்டிப்போங்கள். 1948இலிருந்து இருக்கும் கடை, சாம்பாருக்குள் முழுகின இட்லி. தினம் போனால் பட்ஜெட் தாங்காது.

ஹோட்டல் பில்லில் 5 சதவீத ஜி.எஸ்.டி. போடுவார்கள். 'காம்போசிஷன்' திட்டத்தில் (விற்பனைக்கு மொத்தமாக ஒரு சிறு வரியைத் தாங்களே கட்டும் முறை) இருக்கும் சின்ன ஹோட்டல்கள் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, அப்படி ஒரு அறிவிப்பும் கடையில் மாட்டியிருக்க வேண்டும். போர்டும் இருந்து, பில்லில் வரியும் இருந்தால் அந்த வரிப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

அஞ்சறைப்பெட்டி

மெஸ்_டோக்கன் அண்ணா சொன்னதில் ஒன்றைத் திருத்துகிறேன். அந்தப் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, இட்லிப்பொடி எல்லாம் உங்கள் மூன்று பேருக்கு மட்டும். அம்மாவுக்கு வேண்டாம். பொடி, ஊறுகாய், அப்பளம் வழியாக நிறைய உப்பு உள்ளே போகும். ஹோட்டல் இட்லி மாவிலும் சாம்பாரிலும் உப்பு உண்டு, அதைக் குறைக்கச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு வெறும் சாதம் (சாதத்தில் உப்புப் போடும் மெஸ் என்றால் வேறு இடம் பாருங்கள்), உப்பில்லாத தயிர், உப்பில்லாமல் வேகவைத்த காய், பழம். 'லோ சோடியம் உப்பு' என்று கடையில் விற்பதை நீங்களாக வாங்கிக்கொடுக்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சில இருதய மாத்திரைகளோடும் சிறுநீரகக் கோளாறோடும் அது சேரக் கூடாது. டாக்டரிடம் கேட்ட பிறகுதான்.

லாட்ஜில் சமைக்க விடமாட்டார்கள், ஒளித்துச் சமைக்கவும் வேண்டாம். வெந்நீர் கெட்டிலுக்குப் பெரும்பாலும் தடை இல்லை, ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். கெட்டிலுக்குள்ளேயே கஞ்சி போடாதீர்கள். மாவு அடியில் பிடித்துக் கருகும், பொங்கி ஸ்விட்சுக்குள் இறங்கினால் கெட்டிலோடு ரூம் ஃபியூஸும் போகும். அதற்குப் பதில் பிளாஸ்க் கஞ்சி வைக்கலாம்.

ஊரிலேயே அரிசி நொய்யை வாசம் வரும்வரை வறுத்து டப்பாவில் கொண்டுவாருங்கள். பாசிப்பருப்பு சேர்ப்பதானால் அதையும் வறுத்து, மிக்ஸியில் ஒன்றிரண்டாக உடைத்துச் சேருங்கள். முழுசாகப் போட்டால் பிளாஸ்க் சூட்டில் வேகாது. அரை லிட்டர் ஸ்டீல் பிளாஸ்க்கில் முதலில் வெறும் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிஷம் மூடிவைத்துக் கொட்டிவிடுங்கள். இதை விட்டால் பிளாஸ்க்கின் குளிர்ந்த சுவரே பாதிச் சூட்டைக் குடித்துவிடும், நொய் கரகரவென்றே நிற்கும். பிறகு 40 கிராம் நொய், அதாவது மூன்று மேஜைக்கரண்டி. அதன் மேல் நன்றாகத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரைக் கழுத்துக்கு ஒரு விரல் கீழே வரை ஊற்றி, மூடி, ஒரு தடவை குலுக்கிப் படுக்கவைத்துவிடுங்கள். நிமிர்த்திவைத்தால் நொய் அடியில் கட்டியாகிவிடும். இரண்டு மணி நேரத்தில் குழைந்திருக்கும். ராத்திரி போட்டுக் காலையில் திறக்கும் யோசனை வேண்டாம். சூடு இறங்கி வெதுவெதுப்பாகக் கிடக்கும் கஞ்சியில் கிருமி வளரும், மூன்று நாலு மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

அவல் இன்னும் சுலபம். கெட்டி அவலைக் கழுவி, கொதிநீர் தெளித்துப் பத்து நிமிஷம் மூடிவைத்தால் போதும். தயிர் கலந்தால் அம்மாவுக்கு ஒரு வேளை ஆச்சு.

ஆவின் பாலில் நீலப் பாக்கெட்டைவிடப் பச்சைப் பாக்கெட்டில் கொழுப்பு கூடுதல், ஆரஞ்சில் அதைவிடக் கூடுதல். அம்மாவுக்கு நீலம் போதும். பாக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் 'கூலிங் சார்ஜ்' கேட்கும் கடையில் வாங்காதீர்கள்.

நெல்லைச்சீமை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லெட்ஜர் அண்ணாச்சி, போன் செய்து கேட்டேன், 1,300 வரியோடு சேர்த்துத்தான். இப்போது இன்னொன்று வந்திருக்கிறது. ராயப்பேட்டையில் ஒரு வீட்டு மாடி, ஒரு படுக்கையறை, சமையலறை, கேஸ், பாத்திரங்களோடு நாளுக்கு 1,600. கரண்ட் தனி, யூனிட்டுக்கு 10 ரூபாய். சமைத்துச் சாப்பிட்டால் மிச்சமாகுமா?

அஞ்சறைப்பெட்டி

கணக்குப் போடுவோம். நாலு பேருக்கு ஒரு நாளைக்குப் பொருள்: அரிசி 600 கிராம், துவரம்பருப்பு 150 கிராம், காய் ஒரு கிலோ, பால் ஒன்றரை லிட்டர், இட்லி மாவு ஒரு கிலோ (18, 20 இட்லி வரும்), தயிர், பழம். எண்ணெய், மசாலா சேர்த்து 400 ரூபாய் என்று வைக்கலாம். வெளியே சாப்பிட்டால் 900, 1,000. ஆக சாப்பாட்டில் 500 மிச்சம். வாடகையில் 300 கூடுதல். ராத்திரி எட்டு மணி நேரம் ஒன்றரை டன் ஏசி ஓடினால் சுமார் 8 யூனிட், 80 ரூபாய். கையில் நிற்பது நாளுக்கு 120. வீட்டுக்குள் போன முதல் நாளே எண்ணெய், உப்பு, பொடிகள், சோப்பு, கேன் தண்ணீர் டெபாசிட், துடைப்பம் என்று ஆயிரம் ரூபாய் இறங்கும். அந்த ஆயிரம் திரும்பி வர எட்டு நாளுக்கு மேல் ஆகும். ஒன்பதாம் நாளிலிருந்துதான் லாபம். உங்கள் 12 நாளில் 440 ரூபாய்தான் மிஞ்சும். வாடகையும் நாள் கணக்கில் எப்படி என்று கேளுங்கள், 12 நாளாகப் போட்டால் இதுவும் போச்சு.

ஆனால் உப்பில்லாமல் சமைக்க முடியும் என்பது ஒன்று போதும், நான் வீட்டையே எடுப்பேன். 8 நாளுக்குக் குறைவாகத் தங்குகிறவர்களுக்கு லாட்ஜும் மெஸ்ஸும் மேல்.

எடுத்தால் மூன்று விஷயம் பாருங்கள். உள்ளே போகும்போது மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்து, வீட்டுக்காரருக்கு அப்போதே அனுப்பிவிடுங்கள். மாடிக்குத் தனி மீட்டரா, கீழ்வீட்டு மோட்டாரும் அதில் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஒரே மீட்டர் என்றால் யூனிட் கணக்கு வேண்டாம், நாளுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தண்ணீர். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும். அதில் பருப்பு எவ்வளவு விசில் விட்டாலும் மலராது, கல் மாதிரியே கிடக்கும். பருப்பு ஊறவைக்க, வேகவைக்க, கஞ்சிக்கு, டீக்கு எல்லாம் கேன் தண்ணீர். 20 லிட்டர் கேன் நாலு பேருக்கு இரண்டு நாள் வரும். காய் கழுவ, பாத்திரம் துலக்க மட்டும் குழாய்த் தண்ணீர்.

மூன்றாவது, கேஸ் இல்லை, இண்டக்‌ஷன்தான் என்று வீட்டுக்காரர் மாற்றிச் சொன்னால் பிளக் பாயின்டைப் பாருங்கள். இண்டக்‌ஷன் 1,800, 2,000 வாட் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட் 1,380 வாட்டுக்குத்தான், சூடேறி உருகும் அல்லது ட்ரிப் ஆகும். ஏசி, கீசருக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் பெரிய பாயின்ட் வேண்டும். 700 வாட் ரைஸ் குக்கருக்குச் சின்ன பாயின்டே போதும். வீட்டுப் பாத்திரங்களில் காந்தம் ஒட்டாதவை இண்டக்‌ஷனில் சூடாகாது. அலுமினியச் சட்டி எதற்கும் உதவாது.

தாம்பரம்_லோக்கல்

வீடு எடுத்தால் ஸ்மார்ட் கார்டைக் கொண்டுவாருங்கள். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்கு மாநிலத்தில் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம், கார்டில் பெயர் உள்ளவர் கைரேகை வைத்தால் போதும். அந்த மாதம் ஊரில் ஏற்கெனவே வாங்கியிருந்தால் இங்கே கிடைக்காது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் விஷயம் யாரும் சொல்லவில்லையே. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், முகப்பில் பிங்க் பெயிண்ட் அடித்த வண்டிகள். அம்மா, மனைவி, மகள் மூவருக்கும் காசு இல்லை, உங்களுக்கு மட்டும் டிக்கெட், குறைந்தபட்சம் 5 ரூபாய். ஆனாலும் கண்டக்டரிடம் இலவச டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டீலக்ஸ், ஏசி பஸ்ஸில் இந்தச் சலுகை கிடையாது, அவசரத்தில் ஏறிவிட்டு வாதாட வேண்டாம். மெட்ரோவில் ஆயிரம் விளக்கு ஸ்டேஷன் உங்களுக்குப் பக்கம். எழும்பூரிலிருந்து என்றால் சென்ட்ரலில் மாற வேண்டும், நாலு பேருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். அம்மா இருக்கும் நாளில் லிஃப்டுக்காக மெட்ரோ, இல்லாத நாளில் பஸ்.

எழும்பூர்_லெட்ஜர்

வீடு என்று முடிவு செய்தால் 'ஒரு மாத அட்வான்ஸ்' கொடுக்காதீர்கள். 12 நாள் தங்க 3 நாள் வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்பது நியாயம் இல்லை. பணம் எதற்கு, எத்தனை நாளில் திரும்பும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. மருத்துவமனை வாசலில் புரோக்கர் காட்டின வீடா, நேரில் கிடைத்ததா? புரோக்கர் என்றால் அவருக்கு யார் கொடுப்பது என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

கடைசி நாளுக்கு ஒரு வழி. உங்கள் திரும்பும் டிக்கெட் உறுதியாகிவிட்டால் அந்த பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ஸ்டேஷன் ஓய்வறை பதிவு செய்யலாம், 12 மணி நேரக் கணக்கிலும் உண்டு. காலையில் வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவை ராத்திரி வரை அங்கே படுக்கவைத்துவிடலாம். சீக்கிரம் நிரம்பிவிடும், டிக்கெட் உறுதியான அன்றைக்கே பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்த ஒரு நாளைக்கு மட்டும் எழும்பூர் லாட்ஜில் அரை நாள் ரூம் கேளுங்கள்.

நெல்லைச்சீமை

நேரில் கிடைத்த வீடுதான் அண்ணாச்சி, புரோக்கர் இல்லை. அட்வான்ஸ் 5,000 கேட்கிறார், 4,800 என்றால் மூன்று நாள், பேசிப் பார்க்கிறேன். அக்கா, நொய் வறுக்கும்போது எண்ணெய் விட வேண்டுமா?

அஞ்சறைப்பெட்டி

வேண்டாம், வெறும் வாணலி. எண்ணெய் விட்டால் ஒரு வாரத்தில் சிக்கு வாடை வரும். ஆறின பிறகு டப்பாவில் போடுங்கள், சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.